‘சே’ எங்கே, ‘டெல்’ எங்கே? – ஆங்கில வினைச்சொற்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ‘ஹீ செட் மீ’ என்று மின்னஞ்சலில் எழுதினேன். தவறு என்று மேலதிகாரி திருத்தினார். ‘சே’, ‘டெல்’ இரண்டுமே ‘சொல்’தானே?

பதில்: பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான். பின்னால் என்ன வருகிறது என்பதில்தான் சிக்கல். ‘டெல்’ போட்டால் யாரிடம் சொன்னீர்கள் என்பது உடனே அதன் பின்னால் வந்துவிட வேண்டும்: ‘ஷீ டோல்ட் மீ’, ‘ஐ டோல்ட் த மேனேஜர்’. நடுவே ‘டு’ கூடாது. ‘சே’ அப்படியில்லை. அதற்குக் கேட்பவர் தேவையில்லை, சொன்ன செய்தி போதும்: ‘ஷீ செட் தட் ஷீ வாஸ் டயர்ட்’. கேட்பவரையும் குறிப்பிட விரும்பினால் ‘டு’ சேர்த்து ‘ஷீ செட் டு மீ’ என்று எழுதுங்கள்.

தமிழில் ‘என்னிடம் அவர் சொன்னார்’, ‘அவர் சொன்னார் என்னிடம்’ இரண்டும் செல்லும். யாரிடம் என்பதை ‘இடம்’ என்ற உருபே காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த உருபின் வேலையைச் சொல்லின் இடமும் ‘டு’ போன்ற சிறு சொற்களும் செய்கின்றன. அதனால் ‘டெல் என்றால் சொல்’ என்று மட்டும் மனப்பாடம் செய்தால் பாதிதான் படித்ததாகும். ‘டெல் மீ’, ‘சே டு மீ’ என்று ஒட்டியே படிக்க வேண்டும்.

விலக்குகளும் உண்டு. ‘டெல் த ட்ரூத்’, ‘டெல் எ லை’, ‘டெல் எ ஸ்டோரி’ ஆகியவற்றில் கேட்பவர் இல்லாமலே வாக்கியம் நிற்கும். மணி பார்த்துச் சொல்வது ‘டெல் த டைம்’. வணக்கம், மன்னிப்பு, விடைபெறுதல் எல்லாம் ‘சே’யின் பக்கம்: ‘சே ஹலோ’, ‘சே சாரி’, ‘சே குட்பை’. ஒரு வேலையைச் செய்யச் சொன்னதைக் குறிக்க ‘ஹீ டோல்ட் மீ டு வெயிட்’ என்ற அமைப்பே கைகொடுக்கும்.

கேள்வி: ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எல்லோரும்தானே பேசுகிறார்கள்?

பதில்: பேசுகிறார்கள். ஆனாலும் தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் அது பிழைதான். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதில் உள்ள ‘பற்றி’தான் அங்கே ‘அபவுட்’ ஆகி நுழைகிறது. ‘வீ டிஸ்கஸ்ட் த பிராப்ளம்’ போதும். வினைக்கு வேண்டாத ‘அபவுட்’, அதே சொல் பெயர்ச்சொல்லாக மாறினால் வேண்டும்: ‘எ டிஸ்கஷன் அபவுட் த பிராப்ளம்’. குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதே வகையைச் சேர்ந்த சில: ‘ரீச் த ஸ்டேஷன்’ (‘ரீச் டு’ அல்ல), ‘மேரி ஹிம்’ (‘மேரி வித்’ அல்ல), ‘கான்டாக்ட் அஸ்’ (‘கான்டாக்ட் டு’ அல்ல), ‘என்டர் த ரூம்’. ஒப்பந்தம் போன்றவற்றில் இறங்குவதற்கு மட்டும் ‘என்டர் இன்டு’ சரி. ‘ரிட்டர்ன் பேக்’ என்பதில் ‘பேக்’ வீண். திரும்பி வருவது ‘ரிட்டர்ன்’ என்ற சொல்லிலேயே அடக்கம்.

எதிர்ப்பக்கம் விழுகிறவர்களும் உண்டு. ‘லிஸன் மீ’ என்பார்கள். ‘லிஸன் டு மீ’ என்பதே சரி. ‘வெயிட் ஃபார் மீ’, ‘லுக் அட் திஸ்’ இரண்டும் அப்படியே. ‘ஆன்சர்’, ‘ரிப்ளை’ இரண்டையும் ஒரு வரியில் சேர்த்து எழுதிப் பாருங்கள்: ‘ஆன்சர் மை லெட்டர்’, ‘ரிப்ளை டு மை லெட்டர்’. பொருள் ஒன்று, அமைப்பு வேறு.

‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’, ‘சஜெஸ்ட் மீ எ புக்’ என்பவை நம்மிடையே பரவலாகப் புழங்கும் இரண்டு பிழைகள். ‘எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ’, ‘சஜெஸ்ட் எ புக்’ என்று திருத்திக்கொள்ளுங்கள். ‘கிவ் மீ’, ‘ஷோ மீ’, ‘சென்ட் மீ’ எல்லாம் சரியாக இருப்பதால்தான் இவையும் சரிபோலத் தோன்றுகின்றன.

கேள்வி: ‘டிட் நாட் வென்ட்’ ஏன் தவறு? நேற்று நடந்ததுதானே?

பதில்: இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே காட்டிவிட்டது. ஒரே வினையில் அதை இரண்டு முறை காட்டக் கூடாது. ‘டிட் நாட் கோ’, ‘டிட் யூ சீ’. ‘மேக்’, ‘லெட்’ இரண்டின் பின்னாலும் இப்படி மூலவடிவம்தான் வரும்: ‘ஹீ மேட் மீ வெயிட்’. ‘மேட் மீ டு வெயிட்’ வேண்டாம். செயப்பாட்டு வினையாக மாறும்போது மட்டும் அந்த ‘டு’ திரும்பி வரும்: ‘ஐ வாஸ் மேட் டு வெயிட்’.

கேள்வி: ‘பண்ணு’ என்பதற்கு ‘டூ’வா, ‘மேக்’கா?

பதில்: தமிழில் ‘பண்ணு’ எதற்கும் ஒத்துப்போகும். ஆங்கிலத்தில் அந்த வேலையை நான்கைந்து வினைகள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. செயல் முடிந்த பிறகு புதிதாக ஒன்று உண்டாகியிருந்தால் ‘மேக்’: ‘மேக் எ மிஸ்டேக்’, ‘மேக் எ நாய்ஸ்’, ‘மேக் எ ப்ளான்’. செய்யும் வேலையிலேயே கவனம் இருந்தால் ‘டூ’: ‘டூ ஹோம்வொர்க்’, ‘டூ எ கோர்ஸ்’, ‘டூ த டிஷஸ்’. பல இடங்களுக்கு இந்த விதி ஒத்துவரும்.

மிச்சத்தை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ‘மேக் எ ஃபோன் கால்’, ‘மேக் அன் எஃபர்ட்’, ‘மேக் ப்ராக்ரஸ்’ ஒரு பக்கம். ‘டூ மீ எ ஃபேவர்’, ‘டூ யுவர் பெஸ்ட்’ இன்னொரு பக்கம். இவற்றுக்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டிலும் சேராதவற்றில் சில ‘டேக்’கிடம் போகும்: ‘டேக் எ ஃபோட்டோ’, ‘டேக் எ பிரேக்’. ‘தேர்வு எழுதினேன்’ என்பதை ‘ரைட்’ போட்டுச் சொன்னால் நமக்குள் புரிந்துவிடும். பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலத்தில் வழக்கமாகச் சொல்வது ‘டேக் அன் எக்ஸாம்’. பிரிட்டனில் ‘சிட்’ என்பதும் உண்டு.

கேள்வி: ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’ என்று சொன்னதும் நேர்முகத்தேர்வில் சிரித்தார்கள்.

பதில்: சிரித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பிழை பிழைதான். ‘இங்’ வடிவம் நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு உரியது. உடைமை, அறிவு, விருப்பம் ஆகியவை செயல் அல்ல, நிலை. ஆகவே ‘ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’, ‘ஐ நோ ஹிம்’, ‘ஐ அண்டர்ஸ்டாண்ட்’. இதே ‘ஹேவ்’ சாப்பிடுவதைக் குறித்தால் செயலாகிவிடும். ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ நூற்றுக்கு நூறு சரி. ‘ஐ திங்க் இட் இஸ் குட்’ என்பது கருத்து, ‘ஐ ஆம் திங்கிங் அபவுட் இட்’ என்பது யோசித்துக்கொண்டிருப்பது.

கேள்வி: ‘லே’, ‘லை’ இரண்டையும் எத்தனை முறை படித்தாலும் மறந்துவிடுகிறது.

பதில்: தமிழ் இலக்கண வகுப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கிட – கிடத்து, எழு – எழுப்பு, விழு – வீழ்த்து: தன்வினை, பிறவினை. ‘லை’ என்றால் கிட, ‘லே’ என்றால் கிடத்து. ‘ரைஸ்’ என்றால் எழு. உயர்த்துவதற்கு உள்ள சொல் ‘ரேஸ்’. சூரியன் ‘ரைஸ்’ ஆகும், நீங்கள் கையை ‘ரேஸ்’ செய்வீர்கள். ‘ஃபால்’ என்றால் விழு, மரத்தை வெட்டி வீழ்த்துவது ‘ஃபெல்’.

தடுமாற்றம் இறந்தகாலத்தில்தான். ‘லை’யின் இறந்தகாலம் ‘லே’! ஆக, ‘லை – லே – லெய்ன்’ ஒரு வரிசை, ‘லே – லெய்ட் – லெய்ட்’ இன்னொரு வரிசை. பொய் சொல்லும் ‘லை’ தனிக் குடும்பம்: ‘லை – லைட் – லைட்’. ‘நேற்று படுக்கையில் கிடந்தேன்’ என்பதற்கு ‘ஐ லே ஆன் த பெட்’ சரி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் இவற்றைக் கலந்துவிடுகிறார்கள். எழுதும்போது கவனம் வைத்தால் போதும்.

கேள்வி: ‘ஸ்டாப்’ பின்னால் ‘டு’ வருமா, ‘இங்’ வருமா?

பதில்: இரண்டும் வரும், பொருள் மாறும். ‘ஹீ ஸ்டாப்ட் டாக்கிங்’ – பேசுவதை நிறுத்தினார். ‘ஹீ ஸ்டாப்ட் டு டாக்’ – பேசுவதற்காக நின்றார். ‘ரிமெம்பர்’ போட்டாலும் இதே கதை: ‘ஐ ரிமெம்பர்ட் டு லாக் த டோர்’ என்றால் மறக்காமல் பூட்டினேன், ‘ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்’ என்றால் பூட்டியது நினைவில் இருக்கிறது.

கேள்வி: ‘ஆஃப் த லைட்’ சரியா?

பதில்: இல்லை. ‘ஆஃப்’ வினைச்சொல் அல்ல. ‘டர்ன் ஆஃப் த லைட்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆஃப் த லைட்’. ‘இட்’ போடும்போது அதை நடுவில் வையுங்கள்: ‘டர்ன் இட் ஆஃப்’. ‘டர்ன் ஆஃப் இட்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘பிக் இட் அப்’, ‘புட் இட் ஆன்’ எல்லாம் இப்படியே.

கேள்வி: ‘வாக்கெட்’, ‘குக்கெட்’ என்று உச்சரிக்கிறேன். சரிதானா?

பதில்: இறுதியில் ‘இட்’ என்று தனி அசை கேட்பது, வினையின் மூலவடிவம் ‘t’ ஒலியிலோ ‘d’ ஒலியிலோ முடியும்போது மட்டும்: ‘வான்டிட்’, ‘நீடிட்’. மற்றவற்றில் அசை கூடாது. ‘வாக்ட்’, ‘குக்ட்’, ‘வாஷ்ட்’ எல்லாம் ஒரே அசை. விரலால் மேசையில் தட்டிப் பாருங்கள். ‘வாக்’ என்பதற்கு ஒரு தட்டு, ‘வாக்ட்’ என்பதற்கும் ஒரே தட்டுதான். ‘வான்ட்’ ஒன்று, ‘வான்டிட்’ இரண்டு.

கேள்வி: ‘பாரோ மீ யுவர் பென்’ – சரியா?

பதில்: ‘லெண்ட் மீ யுவர் பென்’. இரவல் கொடுப்பது ‘லெண்ட்’, இரவல் வாங்குவது ‘பாரோ’. ‘பாரோ’ போட்டுத்தான் கேட்பேன் என்றால் ‘கேன் ஐ பாரோ யுவர் பென்?’