அடிச்சாத்தான் அடங்குமா ஜெர்மன் ஷெப்பர்டு?

கேள்வி: எங்க வீட்ல 8 மாச ஜெர்மன் ஷெப்பர்டு ஆண் நாய் இருக்கு சார், 28 கிலோ. வாக்கிங் போனா என்னைத் தரதரன்னு இழுத்துட்டுப் போறான், பைக்கைப் பார்த்தா பாயுறான், கூப்பிட்டா வர்றதே இல்ல. நாலு அடி போட்டாத்தான் அடங்குவான், முள்ளு செயின் வாங்கி மாட்டுன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. எனக்கு மனசு வரல. என்ன செய்யலாம்? (வாசகி, திருச்சி)

பதில்: மனசு வரலன்னு எழுதிருக்கீங்களே, அதையே கெட்டியா புடிச்சிக்கங்கம்மா. அடி வாங்குற நாய் எதையும் கத்துக்காது, கை ஓங்கினாலே பயப்படத்தான் கத்துக்கும். நாளைக்கு வளர்ந்து 35 கிலோ ஆனப்புறம் பயத்துல திரும்பிக் கடிச்சா என்ன ஆகும்னு யோசிங்க.

பைக் மேல பாயுறது திமிர் இல்ல. இந்த இனத்தை ஜெர்மனில 1899லேர்ந்து மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் உருவாக்கினதே ஆடு மேய்க்கத்தான், பயிர்ல ஆடு வாய் வைக்காம வரப்பு ஓரமாவே நாள் பூரா ஓடி ஓடி மறிக்கிற வேலை. நகர்ற எதையும் போய் மறிக்கணும்கறது ரத்தத்துலயே இருக்கு. போதாக்குறைக்கு 8 மாசம்னா விடலைப் பருவம், தெரிஞ்சதையே தெரியாத மாதிரி நிப்பான்.

முதல்ல தெருவை விடுங்க, ஹால்ல ஆரம்பிங்க. உப்பு மசாலா போடாம வேகவச்ச சிக்கனை பட்டாணி அளவுக்கு கிள்ளி வச்சிக்கங்க. ஒரு துண்டை மூக்குகிட்ட காட்டி அப்படியே மேல தூக்கி தலைக்குப் பின்னால கொண்டு போனீங்கன்னா மூக்கு மேல போகும், பின்பக்கம் தானா கீழ உக்காரும். உக்கார்ற அந்த நொடியே "குட்"னு சொல்லிக் குடுத்துடணும், லேட் ஆச்சுன்னா எதுக்குக் கிடைச்சுதுன்னே அவனுக்குப் புரியாது. வீட்ல ஒருத்தர் "சிட்", ஒருத்தர் "உக்காரு", ஒருத்தர் "டேய் உக்கார்றா"ன்னு சொன்னா பாவம் அவன் என்ன பண்ணுவான், எல்லாரும் ஒரே வார்த்தை சொல்லுங்க.

இழுக்கறது ஏன்னா, இழுத்தா நாம பின்னாடியே போறோம், அவனுக்கு வேணும்கற இடம் வந்துடுது. அதனால கயிறு விறைச்சா அந்த இடத்துலயே நின்னுடுங்க, திட்டாதீங்க, வெடுக்குன்னு இழுக்காதீங்க. அவனா திரும்பிப் பார்த்து கயிறு தொய்ஞ்சதும் "குட்", ஒரு துண்டு, அப்புறம் நடங்க. ஆரம்பத்துல தெருமுனை வரைக்கும்கூட போக முடியாது, பரவால்ல. ஆனா காலைல நீங்க இப்படிச் செஞ்சு சாயங்காலம் வீட்டுக்காரர் இழுக்க விட்டார்னா அத்தனையும் வீண். முள்ளு செயின் வேண்டவே வேண்டாம், நெஞ்சுல கொக்கி இருக்கற ஹார்னஸ் (கழுத்துல இல்லாம உடம்பைச் சுத்தி மாட்டற பட்டை) வாங்கிக்கங்க, இழுக்கற பலம் அதுலயே குறையும்.

பைக்குக்கு தூரம்தான் மருந்து. பைக்கைப் பார்த்தும் சிக்கன் சாப்பிடுறான்னா அந்த தூரம் சரி, வாங்கவே மாட்டேங்கிறான்னா இன்னும் தள்ளிப் போங்க. நாள் போகப்போக கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வரலாம். அப்புறம், குளிப்பாட்டவும் கட்டிப்போடவும் திட்டவும் அவனைக் கூப்பிடவே கூடாது, அதுக்கெல்லாம் நீங்களே எழுந்து அவன்கிட்ட போங்க. "வா"ன்னா நல்லதுதான் நடக்கும்னு அவன் நம்பணும். காலி கிரவுண்டுல 10 மீட்டர் கயிறு கட்டிப் பழக்குங்க. திருச்சி வெயில்ல காலை வாக்கிங்கை 7 மணிக்குள்ள முடிச்சிடுங்க, தார் ரோட்டுல பாதம் வெந்துடும்.

கேள்வி: டாபர்மேன் குட்டிக்கு 2 மாசம். 6 மாசம் ஆனப்புறம் ட்ரெயினிங் குடுத்தா போதுமா? (வாசகர், ஓசூர்)

பதில்: ஐயோ, அவ்ளோ நாள் காத்திருக்காதீங்க! மூன்றரை மாசம் வரைக்கும்தான் புது ஆளு, புது சத்தம் எல்லாத்தையும் சுலபமா ஏத்துக்கற வயசு. தடுப்பூசி முடியலன்னா கைல தூக்கிட்டுப் போய் ஆட்டோ, குடை, ஹெல்மெட் போட்ட ஆளு எல்லாம் காட்டுங்க. ஆள் மேல தாவினா இப்போ அழகா இருக்கேன்னு கொஞ்சாதீங்க, 40 கிலோ வந்தப்புறமும் அதையேதான் செய்யும். நாலு காலும் தரையில இருந்தா மட்டும் தடவிக் குடுங்க.