சீரியல் கேள்வி – பதில்: நாம் சேனலை மாற்றினால் டிஆர்பி குறையுமா?

கேள்வி: 'சிறகடிக்க ஆசை'யில் ரோகிணியின் ரகசியத்தை வைத்து எத்தனை மாதம் ஓட்டினார்கள்! இதோ மாட்டிக்கொள்வாள் என்று நினைக்கும்போதெல்லாம் தப்பித்துவிடுவாள். ஏன் இந்த ஜவ்வு?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். அரை மணி நேர சீரியலில் விளம்பரம், டைட்டில் பாட்டு, முன்கதை எல்லாம் போகக் கதைக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 20 நிமிடம். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 120 நிமிடம். அதாவது வாராவாரம் ஒரு முழு சினிமா நீளத்துக்கு எழுதி, எடுத்து, எடிட்டிங், டப்பிங், பின்னணி இசை எல்லாம் முடித்துக் கொடுக்க வேண்டும். அந்த அளவுக்குக் கதை கைவசம் இல்லாதபோது நேரத்தை எதையாவது வைத்து நிரப்புகிறார்கள்.

ஹாலில் எட்டுப் பேர் அதிர்ச்சியில் நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு 5 நொடி முகத்தைக் காட்டினால் 40 நொடி. அதையே மூன்று சுற்று காட்டினால் 2 நிமிடம். ஒரு வரி வசனம்கூட எழுதாமல் அன்றைய எபிசோடில் பத்தில் ஒரு பங்கு முடிந்துவிடும். வெளியே போய் எடுத்தால் லைட் முதல் எல்லாவற்றையும் புதிதாக அமைக்க வேண்டும். ஹால் செட்டில் அந்த வேலை மிச்சம். அதனால்தான் கோயிலிலோ கடைத்தெருவிலோ நடக்க வேண்டிய சண்டையும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. கால்ஷீட் இன்னொரு காரணம். நடிகர் இல்லாத நாளில் அவருடைய பாத்திரம் 'ஊருக்குப் போயிருக்கும்', அல்லது போனில் மட்டும் பேசும். போன் காட்சியில் இரண்டு பேரையும் வெவ்வேறு நாளில் எடுத்து ஒட்டிவிடலாம்.

ரகசியம் நீள்வதே குற்றம் என்று சொல்ல மாட்டோம். தப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ரோகிணி இன்னொரு பொய்யில் சிக்கினால், இன்னொருவரிடம் கடன்பட்டால், கதை நகர்கிறது என்று அர்த்தம். சரியான நேரத்தில் கரன்ட் போய், போன் அடித்து, யாரோ கதவைத் தட்டித் தப்பித்தால் கதை அங்கேயே நிற்கிறது. இந்தத் தொடரில் இரண்டு வகையும் உண்டு. முத்துவின் வாடகைக் கார் சவாரியையும் மீனாவின் பூ வியாபாரத்தையும் ஒட்டி வரும் காட்சிகள் அலுக்காததற்குக் காரணம் எளிது. வேலை இருக்கும் பாத்திரத்துக்குப் பணப் பிரச்சினை, வாடிக்கையாளர், போட்டி என்று தினமும் புதிதாக ஏதாவது வரும். வீட்டிலேயே நிற்கும் பாத்திரத்துக்குச் சதி செய்வதைத் தவிர வேறு வேலை கொடுக்க முடிவதில்லை.

கேள்வி: பிடிக்காத சீரியலை எங்கள் தெருவில் நான்கு வீட்டில் நிறுத்திவிட்டோம். டிஆர்பி குறையுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: அந்த நான்கு வீட்டிலும் அளவுக் கருவி இல்லையென்றால் குறையாது. 2015 முதல் இந்தியாவில் தொலைக்காட்சி பார்ப்பதை அளந்து, டிஆர்பி என்று நாம் சொல்லும் கணக்கைத் தருவது 'பார்க்' (BARC) என்ற அமைப்பு. நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்த, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மட்டும் அதன் கருவி இருக்கிறது. சேனலின் ஒலிக்குள் நம் காதுக்குக் கேட்காத குறியீடு ஒன்றைச் சேர்த்து அனுப்புகிறார்கள். கருவி அதைப் பிடித்து எந்த சேனல், எந்த நிமிடம் என்று பதிந்துகொள்ளும். வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்பதை அவரவர் பட்டனை அழுத்திப் பதிய வேண்டும். சனி முதல் வெள்ளி வரை ஒரு வாரம். அடுத்த வியாழக்கிழமை கணக்கு வெளிவரும்.

கருவி உள்ள வீடுகள் எவை என்பதை ரகசியமாக வைத்திருக்கிறார்கள். நீங்கள் மொபைலில் பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது. அது அந்தந்தச் செயலியின் கணக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்பதும் எண்ணிக்கையில் சேர்கிறது. திட்டிக்கொண்டே அரை மணி நேரமும் பார்ப்பவர், ரசித்துப் பார்ப்பவர், இருவருமே அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

கேள்வி: 'எதிர்நீச்சல்' மாரிமுத்துவுக்குப் பிறகு மனதில் ஒட்டவே இல்லை. ஆளை மாற்றாமல் பாத்திரத்தையே முடித்திருக்கலாமே?
– வாசகி, விருதுநகர்

பதில்: 2023 செப்டம்பர் 8 அன்று மாரிமுத்து மறைந்தபோது, அவர் நடித்த ஆதி குணசேகரன் பாத்திரம்தான் அந்தக் கதையின் அச்சு. ஜனனி, ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா என்ற அந்த வீட்டின் நான்கு மருமகள்களும் எதிர்த்து நின்றது அவரைத்தான். அவரை முடித்தால் அவர்களுடைய போராட்டமும் அன்றோடு முடிந்திருக்கும். எனவே வேல ராமமூர்த்தியை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் பார்வையில் அது சரியான முடிவு.

சிக்கல் நடிப்பில் இல்லை. மாரிமுத்து வசனத்தை இழுத்து, நக்கலாக, 'இந்தாம்மா ஏய்' என்று சொல்லும் தாளத்துக்குப் பார்வையாளர் பழகியிருந்தார்கள். புதியவரின் குரலும் உடல்மொழியும் வேறு மாதிரி கனமானவை. பொதுவாகவே ஆள் மாறும்போது பழையவருக்கு எழுதிய நடையைப் புதியவர் வாயில் திணிக்கக் கூடாது. வந்த முதல் வாரத்திலேயே பெரிய மோதலையும் வைக்கக் கூடாது. முகம் பழகச் சின்னச் சின்னக் காட்சிகள் வேண்டும். 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஒரு வரி போட்டால் மட்டும் போதாது.

கேள்வி: 'மகா சங்கமம்' எதற்கு?
– வாசகர், கடலூர்

பதில்: ஒரு தொடரின் பார்வையாளரை இன்னொன்றுக்கு அழைத்துவர. இரண்டு அரை மணி நேரத்தைச் சேர்த்து ஒரு மணி நேரமாக்கி, இரு குடும்பத்தையும் ஒரே கல்யாணத்திலோ கோயிலிலோ சேர்ப்பார்கள். முடிந்த மறுநாள் அந்த உறவை இரண்டு கதையுமே மறந்துவிட்டால் அது விளம்பரம் மட்டுமே.

கேள்வி: 'பாக்கியலட்சுமி' ஆரம்பத்தில் எவ்வளவு அருமை! பிறகு ஏன் தடம் மாறியது?
– வாசகி, கோவை

பதில்: அது வங்காளத்தில் 2019இல் தொடங்கிய 'ஸ்ரீமொயீ'யின் தமிழ் வடிவம். 2020 ஜூலையில் தமிழில் 'பாக்கியலட்சுமி'யும் இந்தியில் 'அனுபமா'வும் தொடங்கின. மூலத்தொடர் 2021இல் முடிந்துவிட்டது. தமிழில் 2025 வரை போனது. பாக்கியா சொந்தக்காலில் நிற்பதும் கணவன் கோபியைப் பிரிவதும்தான் கதையின் உயிர். அது நிறைவேறிய பிறகு மிச்சமிருந்தது பிள்ளைகளின் கல்யாணப் பிரச்சினைகள். பாக்கியாவின் சமையல் தொழிலையே முழுக்கதையாக்கி வளர்த்திருக்கலாம். ஆர்டர், கூலி, நஷ்டம், வேலையாட்கள் என்று அதில் கதைக்குப் பஞ்சமே இல்லை.

கேள்வி: பெண்ணை அறைவதும், மாந்திரீகமும் காட்டுகிறார்கள். எங்கே புகார் செய்வது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: 'கதை மோசம்' என்று எழுதினால் எடுபடாது. கேபிள் டிவி விதிகள் 1994இல் 6ஆவது விதிதான் நிகழ்ச்சிகளுக்கான நெறிமுறை. பெண்களை இழிவுபடுத்துவது, குழந்தைகளை இழிவுபடுத்துவது, மூடநம்பிக்கையை ஊக்குவிப்பது ஆகியவற்றை அது தடை செய்கிறது. உங்கள் புகார் இவற்றில் எதில் அடங்கும் என்று குறிப்பிடுங்கள். சேனல், தொடர், தேதி, ஒளிபரப்பான நேரம், காட்சியில் என்ன நடந்தது என்பதை இரண்டு மூன்று வரியில் எழுதுங்கள். தேதி இல்லாத புகாரை வைத்து எந்த எபிசோட் என்று தேட முடியாது.

முதலில் சேனலின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். முகவரி சேனலின் இணையதளத்தில் இருக்கும். அந்த விதிகளில் 2021இல் வந்த திருத்தத்தின்படி 24 மணி நேரத்துக்குள் கிடைத்ததாக ஒப்புகை தர வேண்டும், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் உறுப்பினராக உள்ள, சேனல்களே சேர்ந்து வைத்திருக்கும் சுய ஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே இருப்பது மத்திய அரசு. நேரே அரசுக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் முதல் படியைத் தவறவிடுகிறார்கள்.

அறையும் காட்சி ஒன்று இருப்பதாலேயே விதிமீறல் ஆகிவிடாது. அடித்தவனைக் கதை கண்டிக்கிறதா, அல்லது 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று நியாயப்படுத்துகிறதா என்பதைப் புகாரில் எழுதுங்கள். அடுத்தடுத்த இரண்டு மூன்று எபிசோடுகளையும் பார்த்துவிட்டு எழுதினால் அந்த வாதம் வலுவாக நிற்கும்.