வில்லும் காட்டுப்பன்றியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: இரண்டு ஏக்கரில் ராகி போட்டிருக்கிறோம். கதிர் முற்றும் சமயத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கி நிலத்தையே புரட்டிவிடுகின்றன. வில்வித்தை பயிலும் என் மகன், வெளிநாட்டில் செய்வதைப் போல வில்லாலேயே அவற்றை வேட்டையாடலாம் என்கிறான். துப்பாக்கிக்குத்தானே தடை?
– வாசகர், அஞ்செட்டி

பதில்: தடை வேட்டைக்கு, எந்தக் கருவியால் என்பது பொருட்டே அன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 'ஆயுதம்' என்ற சொல்லை விளக்கும்போது வலை, கத்தி, கண்ணி ஆகியவற்றோடு வில்லையும் அம்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. எய்த அம்பு குறிதவறிப் போனாலும் முயன்றதே வேட்டையாகக் கொள்ளப்படும். பன்றித் தொல்லைக்காகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டில்கூட, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் பொறுப்பு வனத்துறையினருக்கே தரப்பட்டது, விவசாயிக்கு அன்று. ஆகவே சேதத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, இழப்பீட்டுக்கு வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். மின்வேலி என்ற யோசனையைச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படியொரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், மகன் ஒன்றை உணர வேண்டும். தோட்டா அதிர்ச்சியால் வீழ்த்தும். அம்போ இரத்தம் வடியச் செய்துதான் கொல்லும். அதனால்தான் வில்வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளிலும், அனுபவசாலிகள் இருபது முப்பது மீட்டருக்குள் நெருங்கிய பிறகே எய்கிறார்கள், எய்த பின்னும் அரைமணி நேரம் பொறுத்திருந்துதான் இரத்தத் தடத்தைத் தொடர்கிறார்கள். அசையாத அட்டையில் 70 மீட்டரில் பத்துப் புள்ளி எடுக்கும் கை, இருட்டில் தலை குனிந்து மேயும் பன்றியின் தோள்புறத்தைக் கண்டுகொள்ளும் என்று நான் நம்பவில்லை. அம்பு தைத்த பன்றி உங்கள் வயலைத் தாண்டி அடுத்தவர் வயலில் போய்ப் படுத்துக்கொண்டால், காலையில் முதலில் அதை மிதிப்பவர் யாராக இருப்பார் என்பதையும் யோசியுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதி நடுகற்களில் பன்றியைக் குத்தும் வீரன் இருக்கிறானே! வேட்டை நம் மரபுதானே?
– வாசகர், தருமபுரி

பதில்: கல்லை அருகில் நின்று பாருங்கள். 'பன்றிகுத்திக் கல்' என்ற பெயரே சொல்வதைப் போல, அங்கு நடப்பது எய்தல் அன்று, கைக்கு எட்டும் தூரத்தில் குத்துதல். மாண்டவனுக்கு நட்ட கல் அது. பொழுதுபோக்குக்குப் போனவனுக்கு ஊர் கல் நட்டிருக்காது என்பது என் எண்ணம்.

கேள்வி: அப்படியானால் காடுமேடெல்லாம் நடந்து வில்லெய்யும் இன்பத்துக்கு வழியே இல்லையா?
– வாசகர், ஓசூர்

பதில்: உண்டு. முப்பரிமாண வில்வித்தை என்ற போட்டியில், மான், பன்றி போன்ற நுரைப் பொம்மைகளை மரங்களிடையே நிறுத்தி, தூரம் எவ்வளவென்று சொல்லாமலே எய்யச் சொல்வார்கள். கண்ணால் தூரத்தை அளப்பதுதான் அதன் ருசி. 45 மீட்டருக்கு மேல் குறி வைப்பதில்லை. அம்பு பதியும் இடத்தைப் பொறுத்து 11, 10, 8, 5 என்று புள்ளிகள். இதற்குத் தனியார் மாந்தோப்பு ஒன்று போதும். அஞ்செட்டி, ஊரிகம் பக்கத்துக் காடுகள் 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு சரணாலயத்துக்குள் வருவதால், அனுமதியின்றி வில்லோடு அங்கே நுழையக்கூடாது. ஒவ்வொரு பொம்மைக்குப் பின்னாலும் ஆள் உயரத்துக்கு மண்மேடு போடுங்கள், ஏனெனில் குறிதவறிய அம்பு நூறு மீட்டரைத் தாண்டியும் போகும். அம்பு பூட்டாமல் வெறும் நாணை இழுத்துவிடக் குழந்தைகளை அனுமதிக்காதீர்கள். அம்பு ஏற்க வேண்டிய விசை முழுவதும் வில்லிலேயே தங்கி, கையருகே அதைப் பிளந்துவிடும்.