தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைத்த கடனுக்கு 60 நாள் அறிவிப்பு வந்தால் என்ன செய்வது?

கோத்தகிரி அருகே வீட்டையும் தேயிலைத் தோட்டத்தையும் அடமானம் வைத்துப் பெற்ற கடனில் தவணை நின்றுபோனதால், வங்கியிலிருந்து 60 நாள் அறிவிப்பு வந்திருக்கிறது, சிறைக்குப் போக நேருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடனைக் கட்ட இயலாமை மட்டும் குற்றமாகாது. கொடுத்த காசோலை திரும்பியிருந்தால் அது வேறு வழக்கு.

இது, அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி கைப்பற்ற இடம் தரும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம், 13(2) பிரிவின்படி, கடனை 60 நாளில் கட்டச் சொல்லி வந்த அறிவிப்பாக இருக்க வேண்டும். உங்கள் ஆட்சேபத்தை எழுத்து மூலம் கொடுத்தால், அதை ஏற்காத வங்கி 15 நாள்களுக்குள் காரணத்தைத் தெரிவித்தாக வேண்டும். பலர் மேலாளரிடம் வாய்மொழியாக அவகாசம் கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். அதற்குச் சான்று எதுவும் மிஞ்சுவதில்லை.

விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 31-ஆம் பிரிவு சொல்வதால், தோட்டத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு வலுவான வாதம் உண்டு. ஆனால் வருவாய்த்துறைப் பதிவேட்டில் விவசாய நிலம் என்றிருந்தால் மட்டும் போதாது, நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2018-இல் கூறியிருப்பதால், பசுந்தேயிலை கொடுத்த தொழிற்சாலை ரசீதுகளையும் அடங்கலையும் (கிராம நிர்வாக அலுவலரின் பயிர்ப் பதிவேடு) சேர்த்து வையுங்கள். செடிகளைப் பிடுங்கிவிட்டுக் காட்டேஜ் கட்டியிருந்தால் (இப்போது பலரும் அதைத்தானே செய்கிறார்கள்) அந்த வாதம் ஆட்டம் காணும்.

வீட்டுக்கு இந்த விலக்கு கிடையாது. அதை வங்கி கையகப்படுத்தினால், 45 நாள்களுக்குள் கோயம்புத்தூர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் 17-ஆம் பிரிவின்படி மனு செய்ய வேண்டும்.