மோட்டார் ஓடும் இரவும் காலைச் சர்க்கரையும்

கேள்வி: வயது 52. ஆறு வருடமாகச் சர்க்கரை, மாத்திரை போடுகிறேன். கோடையில் வெறும்வயிற்றில் 120 இருந்தது. குறுவை நடவு முடிந்து பார்த்தால் 165. சாப்பாடு மாறவில்லை, பகலெல்லாம் வயலில்தான் நிற்கிறேன். ராத்திரி மும்முனை மின்சாரம் வரும்போது எழுந்து போய் மோட்டார் போடுவேன். அப்புறம் கடன் நினைப்பில் தூக்கம் வராது. உழைத்தும் ஏன் ஏறுகிறது?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். சில நாள் தூக்கம் துண்டுபட்டாலே இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காது. கவலையில் சுரக்கும் கார்டிசாலும் அட்ரினலினும் கல்லீரலில் சேர்ந்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். விடியற்காலையில் கல்லீரல் இயல்பாகவே கொஞ்சம் இறக்கும். மூன்றும் சேர்ந்தால், இரவு குறைவாகச் சாப்பிட்டிருந்தாலும் காலையில் ஏறித்தான் இருக்கும்.

சாப்பாடு மாறவில்லை, சரி. நடவு ஆட்களோடு குடித்த டீ? இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு நாலு டீ என்றால் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. வரப்பில் நின்று வேலை வாங்குவதையும் உழைப்பில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்ட பின் 15 நிமிடம் வேகமாக நடப்பது இதைவிடப் பலன் தரும்.

மோட்டார் போட்ட இரவுகளுக்கு மறுநாள் மூன்று, நன்றாகத் தூங்கிய இரவுகளுக்கு மறுநாள் மூன்று என ஆறு நாள் வெறும்வயிற்று அளவை குளுக்கோமீட்டரில் எடுங்கள். தூங்கிய மணிநேரத்தையும் பக்கத்தில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். வித்தியாசமே தெரியாவிட்டால், மாத்திரை போதவில்லையா, நடவு மும்முரத்தில் வேளை தவறியதா என்று பார்க்க வேண்டும். நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள். கிளிமிபிரைடு வகை மாத்திரையோடு பட்டினியாக வயலில் இறங்கினால் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். வியர்த்து, கை நடுங்கினால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

செல்போனிலிருந்து இயக்கும் ஸ்டார்ட்டர் வைத்தால் பாதித் தூக்கம் மிஞ்சும். மதியம் மூன்று மணிக்கு முன் அரை மணி கண் அயரலாம். கடனை நினைக்காதே என்று சொல்வது சுலபம். நாங்கள் அதைச் சொல்லப்போவதில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழில் இலவசமாகப் பேசலாம். மனம் சோர்ந்தவர்களுக்கு முதலில் தவறுவது மாத்திரையும் நடையும்தான்.

கேள்வி: என் கணவருக்கு ஆஸ்பத்திரியில் பிரஷர் 160/95. வீட்டு மெஷினில் 128/80. எதை நம்புவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஒழுங்காக எடுத்திருந்தால் வீட்டு அளவை. ஆஸ்பத்திரிப் படபடப்பில் ஏறுவது பலருக்கும் உண்டு. ஆனால் எடுப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். காபி, புகை முடிந்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். கையை மேஜை மேல், நெஞ்சு மட்டத்தில் வைக்க வேண்டும். தொங்கவிட்டால் கூடுதலாகக் காட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினாலும் அப்படியே. காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை, ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். 135/85-ஐத் தொட்டால் பிரஷர் இருக்கிறது என்றே அர்த்தம். மெஷினையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒப்பிடுங்கள். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா? அதுவும் பிரஷரை ஏற்றும், மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்காரர் பழைய சோறு சாப்பிடலாமா?
– வாசகர், திருவையாறு

பதில்: சாப்பிடலாம், ஒரு கப் அளவோடு. நீராகாரமானாலும் சோறு சோறுதான். பிரஷரும் இருந்தால் தொட்டுக்கொள்வதைக் கவனியுங்கள். நாள் முழுக்க உப்பு 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான். மோர் மிளகாயும் வடுமாங்காயும் கருவாடும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். சின்ன வெங்காயம் போதும்.