திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு குரல்: டாக்டர் மபூசே கேள்வி பதில்

ஃப்ரிட்ஸ் லாங் இயக்கிய 'டாக்டர் மபூசேயின் உயில்' (ஜெர்மனி, 1933) பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும். கதையின் முடிச்சுகளை அவிழ்த்துத்தான் பேசியிருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

சார், இது இரண்டாம் பாகமாமே. முதல் பாகம் பார்க்காமல் புரியுமா?

தாராளமாகப் புரியும். 1922-இல் வந்த முதல் படம் மௌனப்படம். இரண்டு பகுதிகளும் சேர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடும். மபூசே சூதாட்டக்காரன், மனோவசியக்காரன், மாறுவேடத்தில் மன்னன். கடைசியில் கள்ளநோட்டு அடிக்கும் தன் சொந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டு பைத்தியமாகிறான். இரண்டாம் படத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். துப்பறியும் லோமன் வேறொரு வீட்டிலிருந்து வந்த விருந்தாளி. லாங்கின் 'எம்' (1931) படத்தில் வந்த அதே அதிகாரி, நடித்தவரும் அதே ஓட்டோ வெர்னிக்கே.

வில்லன் மனநோய் விடுதியில் கிடக்கிறான், பாதிப் படத்திலேயே செத்தும் போகிறான். அப்புறம் கும்பலை நடத்துவது யார்?

இந்தப் படத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. மபூசே பேசுவதில்லை. படுக்கையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருக்கிறான். முதலில் வெறும் கிறுக்கல், போகப் போகச் சொற்கள், அப்புறம் கொள்ளைக்கும் நாசவேலைக்கும் முழுத் திட்டங்கள். அவற்றைப் படித்துப் படித்தே விடுதித் தலைவர் பேராசிரியர் பாம் அவன் வசமாகிவிடுகிறார். மபூசே இறந்த பிறகு அவர்தான் மபூசே. ஆவி புகுந்ததா, மனம் பேதலித்ததா என்று படம் அடித்துச் சொல்வதில்லை. அப்படி விட்டதுதான் சரி என்பேன்.

பணத்துக்காக மட்டும் நடக்கிற குற்றமும் இல்லை இது. மக்களை அச்சத்தில் ஆழ்த்தி, எதன் மீதும் நம்பிக்கை இல்லாமல் செய்து, அந்த இடிபாட்டின் மேல் குற்றத்தின் ஆட்சியை நிறுவ வேண்டும் என்பதுதான் அந்தத் தாள்களில் உள்ள நோக்கம். முதல் பாக மபூசே ஆட்களை ஆட்டிவைத்தவன். இவன் வெறும் எழுத்தாகவும் குரலாகவும் மாறிப்போனவன். எழுத்தைக் கைது செய்ய முடியாது. அதனால்தான் எனக்கு இவன் கூடுதல் பயங்கரமானவனாகத் தெரிகிறான்.

அண்ணா, ஒலிக்காக இந்தப் படத்தை எல்லோரும் கொண்டாடுகிறார்களே. 1933-இல் அப்படி என்ன செய்துவிட்டார்கள்?

முதல் காட்சியை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஒரு பட்டறைக்குள் ஹோஃப்மைஸ்டர் என்கிற முன்னாள் போலீஸ்காரன் பதுங்கியிருக்கிறான். ஏதோ ஒரு எந்திரம் தடதடவென்று இடித்துக்கொண்டே இருக்கிறது, மேஜை மேல் இருக்கும் பொருட்கள் அதிர்கின்றன. உள்ளே வந்தவர்கள் பேசுவது நம் காதில் விழாது. பேசும்படம் வந்த புதிதில், வாயசைவு மட்டும் தெரிய வசனத்தை இரைச்சலில் மூழ்கடிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இன்னொன்று சிக்னல் கொலை. மபூசேயின் தாள்களுக்கும் ஊரில் நடக்கும் கொள்ளைக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த டாக்டர் கிராம் காரில் போகிறார். சிக்னலில் வண்டிகள் நிற்கின்றன. பக்கத்துக் காரில் இருக்கும் கொலைகாரர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்க, சுற்றியிருக்கும் ஓட்டுநர்களும் சேர்ந்து அடிக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் துப்பாக்கி வெடித்தது யாருக்கும் கேட்பதில்லை. சிக்னல் மாறுகிறது, எல்லா வண்டியும் நகர்கிறது, ஒன்று மட்டும் அப்படியே நிற்கிறது.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கும்பலுக்கு உத்தரவிடும் 'தலைவரின்' குரலும் இதே வகைதான். கிழித்துப் பார்த்தால் அங்கே ஆளே இல்லை. ஒரு அட்டை உருவமும் ஒலிபெருக்கியும்தான்.

மூடிய அறையில் குண்டு. கும்பலை விட்டு விலக நினைக்கும் ஒருவனும் அவன் காதலியும் தண்ணீரை நிரப்பித் தப்பிக்கிறார்கள். நிஜத்தில் நடக்குமா?

நடக்காது. தண்ணீர் வெடிப்பின் அதிர்ச்சியை அடக்கிவிடாது, நன்றாகவே கடத்தும். தண்ணீருக்குள் இருப்பவரின் நுரையீரல் தாங்காது. சாகசப் படத்துக்கான சலுகை என்று விட்டுவிடுங்கள்.

மபூசே என்பது ஹிட்லர்தானே?

1943-இல் நியூயார்க்கில் திரையிட்டபோது லாங் எழுதிய முன்னுரை அப்படித்தான் சொன்னது: நாஜிகளின் வழிமுறைகளையும் முழக்கங்களையும் குற்றவாளிகளின் வாயில் வைத்தேன் என்று. இது பின்னால் ஒட்டவைத்த விளக்கம் என்று சந்தேகித்தவர்களில் விமர்சகர் சிக்ஃபிரீட் கிராகவர் முக்கியமானவர். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. திரைக்கதை எழுதிய தேயா ஃபொன் ஹார்பூ, அதாவது லாங்கின் அன்றைய மனைவி, பிறகு நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். ஆனால் எடுத்தவர் நோக்கம் எதுவானாலும், படம் பொதுமக்களுக்குப் போகக் கூடாது என்று புது ஆட்சி நினைத்தது. 1933 மார்ச் 29 அன்று, பொது ஒழுங்குக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து என்று தடை விதித்தார்கள். அடுத்த மாதம் புடாபெஸ்டில் முதலில் வெளியானது. ஜெர்மன் ரசிகர்கள் 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் பெரிய பதவி தருகிறேன் என்றதும் லாங் அன்றிரவே ரயில் ஏறினாராமே?

லாங் வாழ்நாள் முழுக்கச் சொன்ன கதை. அவருடைய பாஸ்போர்ட் முத்திரைகள் வேறு கதை சொல்கின்றன. 1933-இல் பல முறை போய்வந்துதான் ஜூலை கடைசியில் ஒரேயடியாக வெளியேறியிருக்கிறார். ஒரே இரவில் ஓடினாரா என்பதல்ல முக்கியம், கடைசியில் எந்தப் பக்கம் நின்றார் என்பதுதான். அதில் எனக்கு அவர் மேல் மரியாதை குறையவில்லை.

இந்தியத் தொடர்பு ஏதாவது?

உண்டு. ஹார்பூ பின்னர் வாழ்க்கையில் இணைந்தது அயி டெண்டுல்கர் என்ற இந்தியப் பத்திரிகையாளரோடு. ஹார்பூவின் இந்திய நாவலை லாங்கே ஐம்பதுகளின் கடைசியில் இரண்டு படங்களாக எடுத்தார், உதய்ப்பூரிலும் படப்பிடிப்பு நடந்தது.

எந்தப் பிரதியைப் பார்க்கலாம்?

ஜெர்மன் மூலத்தைப் பாருங்கள், சுமார் இரண்டு மணி நேரம். அதே சமயத்தில் பெரும்பாலும் வேறு நடிகர்களை வைத்துப் பிரெஞ்சிலும் எடுத்தார்கள். ருடால்ஃப் க்ளைன்-ரோக்தான் இரண்டிலும் மபூசே. அமெரிக்காவில் வெட்டிச் சுருக்கி ஆங்கிலத்தில் டப் செய்த பிரதியைத் தொடாதீர்கள். குரலே ஆயுதமான படத்தில் குரலை மாற்றிவிட்டால் மிச்சம் என்ன?

மூன்றாவது பாகம்?

1960-இல் வந்தது 'டாக்டர் மபூசேயின் ஆயிரம் கண்கள்'. லாங் இயக்கிய கடைசிப் படம். ஒரு ஹோட்டல் முழுக்க ரகசியக் கேமராக்கள். 'உயில்' அளவுக்கு இறுக்கமில்லை, ஆனாலும் இதைப் பார்த்த கையோடு அதையும் பாருங்கள்.