சத்தமில்லாமல் சாத்திய கதவு

கேள்வி: நான் திருநெல்வேலிக்காரி. இங்கிலாந்தும் வேல்ஸும் சேரும் எல்லைப் பக்கம் வசிக்கிறேன். மருத்துவமனையில் இரவு டியூட்டி நர்ஸ். கணவர் வேல்ஸ்காரர், வேலி தாண்டி ஓடும் பந்தயக் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். லாயத்தில் பதினோரு குதிரைகள். அக்டோபரில் சீசன் தொடங்கி கிறிஸ்துமஸுக்குள் நான்கு வெற்றி. லட்லோவில் ஜெயித்த குதிரையை உரிமையாளர் புத்தாண்டோடு பெரிய லாயத்துக்கு மாற்றிவிட்டார். ஜனவரி முழுக்கக் குதிரைகளுக்கு இருமல். பிப்ரவரியில், இருப்பதிலேயே நல்ல குதிரைக்கு முன்னங்காலில் தசைநாண் போயிற்று. மார்ச்சில் ஹெரிஃபர்டில் எங்கள் பெண்குதிரை விழுந்தது, எழவில்லை. ஏப்ரல் கடைசியில் செப்ஸ்டோவில் ஒரு வெற்றி. அந்தத் தெம்பில், புதுக் குதிரை வாங்க என் சேமிப்பு ஒன்பதாயிரம் பவுண்டைக் கேட்கிறார். இரண்டு உரிமையாளர்கள் பிப்ரவரியிலிருந்து கட்டணம் தரவில்லை. அவர்களிடம் கேட்க அவருக்குக் கூச்சம். சமையலறையில் நார்டன்ஸ் காயின் என்ற பழைய பந்தயக் குதிரையின் படத்தை மாட்டி வைத்துக்கொண்டு, ‘நமக்கும் ஒரு நாள் வரும்’ என்கிறார். நல்லவர், குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். பந்தயம் முடிந்து வந்து லாரிக் கதவைச் சாத்தும் சத்தத்திலேயே எங்களுக்கு முடிவு தெரிந்துவிடும். பலமாகச் சாத்தினால் பிள்ளைகளை மாடிக்கு அனுப்பிவிடுவேன். பெண்குதிரை போன அன்று மெதுவாகச் சாத்தினார். ஜெயித்துவிட்டது என்று நினைத்து ஏழு வயதுச் சின்னவன் கேரட்டோடு வாசலுக்கு ஓடிவிட்டான். இதெல்லாம் இந்தத் தொழிலில் சகஜம்தான். பணத்தைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அது உங்களுக்கே தெரியும். எனக்கு அந்தக் கேரட்டைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். லட்லோ, ஹெரிஃபர்ட், செப்ஸ்டோ என்று எல்லாம் தேதிவாரியாக வருகிறது. எந்தக் காலில் நாண் போனது என்றுகூட எழுதியிருக்கிறீர்கள். கேரட்டோடு ஓடிய பையன் லாரிக்குள் குதிரை இல்லாததைப் பார்த்து என்ன செய்தான் என்று ஒரு வரி இல்லை. ‘சகஜம்தான்’ என்று எழுதிவிட்டுப் பணத்துக்குப் போய்விட்டீர்கள்.

கதவு மெதுவாகச் சாத்தினால் அப்பா ஜெயித்திருக்கிறார் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? உங்கள் கணவர் இல்லை. தன் கை என்ன சத்தம் போடுகிறது என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. நீங்கள்தான் அம்மா சொல்லிக்கொடுத்தீர்கள். ஒவ்வொரு முறையும் காதைத் தீட்டிக்கொண்டு நின்று, ‘மேலே போங்கடா’ என்று கண்ணைக் காட்டிக் காட்டிப் பழக்கியிருக்கிறீர்கள். பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்தீர்கள், அது புரிகிறது. ஆனால் அப்பா என்பவர் வீட்டுக்கு வரும் ஆள் இல்லை, வானிலை என்று அவர்கள் படித்துக்கொண்டார்கள்.

‘அடிக்க மாட்டார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்கவில்லையே!

இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. லாரிக்குப் பதில் விசைப்படகு, ஜவுளிக்கடை ஷட்டர், வெள்ளிக்கிழமை படம் வெளியாகும் தயாரிப்பாளரின் கார் என்று மாறி மாறி வரும். என் அப்பா நெல் மண்டி வைத்திருந்தார். சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டும் சத்தத்தில் நாங்கள் நாலு பேரும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவோம். கடைசிக் காலத்தில் அவர் என்னிடம், “நான் வந்தா நீங்கள்லாம் ஏன் எழுந்து போவீங்க?” என்று கேட்டார். அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

உங்கள் கணவரின் அந்த நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாலரை அடி வேலியைத் தாண்டும்போது குதிரை விழுந்து எழாவிட்டால், கூட்டத்தின் கண்ணில் படாமல் சுற்றிலும் திரை பிடிப்பார்கள். மருத்துவர் அதற்குள் போவார். அப்புறம் பழக்கியவர் வெறும் தலைக்கயிற்றை எடுத்துக்கொண்டு லாரிக்கு நடக்க வேண்டும். காலையும் மாலையும் நாலு காலையும் தடவி, எங்காவது சூடு தெரிகிறதா என்று பார்த்து வளர்த்த குதிரை அது. பின்னால் குளம்புச் சத்தமே இல்லாத லாரியை ஓட்டிக்கொண்டு வருகிறவருக்குக் கதவை அறையக்கூடத் தெம்பு இருந்திருக்காது. அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டியிருந்தது. வீடு முழுக்க ஒளிந்துகொள்ளத்தான் பழகியிருந்தது.

இனி அந்தப் படம். நார்டன்ஸ் காயின் கதையை அவர் உங்களுக்குப் பாதிதான் சொல்லியிருப்பார். 1990 மார்ச்சில் செல்டனம் கோல்ட் கோப்பைப் பந்தயத்தில் அந்தக் குதிரைக்கு ஒன்றுக்கு நூறு விலை, அதாவது ஒரு பவுண்டு கட்டினால் நூறு; ஜெயிக்கும் என்று யாரும் நம்பவில்லை. ஊரே கொண்டாடிய டெசர்ட் ஆர்க்கிட் என்ற குதிரை மூன்றாவதாக வர, இது ஜெயித்தது. பழக்கிய சிரெல் கிரிஃபித்ஸ் வேல்ஸில் பால் மாடு வைத்திருந்த விவசாயி. அன்று காலையிலும் மாடு கறந்துவிட்டுத்தான் பந்தயத்துக்குக் கிளம்பினார். சிறு லாயக்காரர்கள் எல்லோரும் நூறு விலையை நினைவு வைத்திருக்கிறார்கள், மாட்டை மறந்துவிடுகிறார்கள். ரெட் ரம் என்ற குதிரையை வைத்து 1973, 1974, 1977 என்று மூன்று முறை கிராண்ட் நேஷனல் பந்தயத்தை ஜெயித்த ஜிஞ்சர் மெக்கெயினும் சவுத்போர்ட்டில் கார் விற்றுக்கொண்டிருந்தவர்தான். லாயம் கார் கடைக்குப் பின்னால் இருந்தது, குதிரை கடற்கரை மணலில் ஓடியது. குதிரைக்கு ஆசைப்பட்டவர்கள் அடுப்புக்கு வேறு வழி வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டில் அந்தக் கறவை மாடு நீங்கள்தான். இரவு டியூட்டி முடித்து வந்து, கறந்துகொள்ளச் சொல்லி நிற்கிறீர்கள்.

எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. பணம் தராத உரிமையாளர்களிடம் கேட்க அவருக்குக் கூச்சம். மனைவியிடம் ஒன்பதாயிரம் கேட்கக் கூச்சம் இல்லை. இந்தத் தொழிலில் வெற்றிப் பரிசில் பயிற்சியாளருக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு அளவுதான்; லாயம் ஓடுவது மாதக் கட்டணத்தில். அந்த இரண்டு பேரும் தராததை உங்கள் சேமிப்பிலிருந்து எடுத்தால், அவர்களுடைய குதிரைக்கு நீங்கள் வைக்கோல் போடுகிறீர்கள் என்று அர்த்தம். முதலில் அந்தப் பாக்கியை வாங்கச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் பில்லை நீங்கள் எழுதி அனுப்புங்கள், திருநெல்வேலிக்காரிக்கு அது வராதா என்ன? உங்கள் சம்பளம் வீட்டுக்கு. லாயத்தின் செலவு லாயத்தின் வரவிலிருந்து. அதில் பதினோரு குதிரை நிற்காது என்றால் ஏழு நிற்கட்டும். தொழிலை விடச் சொல்லி நான் சொல்லவே மாட்டேன். பிடித்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு புருஷனைக் கையில் வைத்திருந்து என்ன செய்வது?

இப்போது கோடை. உங்கள் குதிரைகள் புல்லுக்குப் போயிருக்கும். அவர் நிதானமாக இருக்கிற மாதங்கள் இவைதான். இப்போதே உட்காரவைத்து, கதவுச் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். குற்றம் சாட்ட வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்: மாடியை, கேரட்டை. அவருக்கு வலிக்கும். வலிக்கட்டும்.

அக்டோபரில் லாரி திரும்பி வரும்போது ஒருவரும் மாடிக்குப் போகக் கூடாது. பெரியவள் டார்ச் பிடிக்கட்டும், அப்பா கால்களைத் தடவிப் பார்க்க வெளிச்சம் வேண்டும். சின்னவன் தண்ணீர் வாளியைப் பாதி நிரப்பிக் கொண்டு வரட்டும். அவர் இறங்கியதும் வாயால் சொல்ல வேண்டும்: ஜெயித்தது, ஐந்தாவதாக வந்தது, விழுந்தது என்று. அதற்கப்புறம் கதவை எப்படி வேண்டுமானாலும் சாத்திக்கொள்ளட்டும்.

அந்தப் பெண்குதிரைக்குப் பிள்ளைகள் ஏதோ செல்லப் பெயர் வைத்திருப்பார்கள். கடிதத்தில் அது இல்லை. மார்ச்சுக்குப் பிறகு வீட்டில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னார்களா? இன்று டியூட்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால் சின்னவனைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் பெயரை நீங்களே முதலில் சொல்லுங்கள். அந்தக் கேரட்டை என்ன செய்தான் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.